அக்கூஸ்டிக் கிதாரில் நாட்டுப்புறப் பாடலின் முன்னிசை: விரலால் மீட்டப் பழகும் முழு வழிகாட்டி

விரல்களால் கிதார் மீட்டக் கற்பவர்களில் பலர் தவறான விரலிலிருந்து தொடங்குகிறார்கள். மெல்லிய தந்திகளில் எழும் மெட்டுதான் முதலில் காதைப் பிடிக்கிறது. அதனால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிடித்துப் பழக்குகிறார்கள். மெட்டு வந்துவிடுகிறது, ஆனால் அது பாட்டாகக் கேட்பதில்லை. கீழே தாளம் இல்லை என்பதுதான் காரணம். நாட்டுப்புறப் பாடல்களின் விரல்மீட்டில் தாளம் போடுவது கட்டைவிரல். தடித்த தந்திகளில் அது நான்கு அடிகளையும் பிசகாமல் போட்டால், மேலே இரண்டு மூன்று சுரங்கள் தெளித்தாலே முன்னிசை உருவாகிவிடும். எனவே கட்டைவிரல் கேட்காமலே ஓடும் நிலைக்கு வரும்வரை மற்ற விரல்களுக்கு வேலை கொடுக்கப்போவதில்லை.

பழகுவதற்காக நான்கு தாளச் சுற்றுகள் கொண்ட ஒரு சிறு முன்னிசையை இங்கே அமைத்திருக்கிறேன். சி, ஏ மைனர், எஃப் மேஜர் 7, ஜி ஆகிய நான்கு கார்டுகள் போதும். இவற்றைப் பிடிக்கத் தெரிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெதுவாகவேனும் மாறத் தெரிந்தவருக்கு இந்த வழிகாட்டி பொருந்தும். முழு எஃப் கார்டின் பாரே பிடி (ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல தந்திகளை அழுத்துவது) வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். அதைத் தவிர்க்கத்தான் எஃப் மேஜர் 7.

கருவியும் கையும்

எஃகுத் தந்தி கிதார், நைலான் தந்தி கிதார் இரண்டிலும் இதை வாசிக்கலாம். நைலான் தந்தி கொண்ட கிளாசிக்கல் கிதாரின் கழுத்து, நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) அருகே சுமார் 52 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். எஃகுத் தந்தி கிதார்களில் 43 முதல் 45 மில்லிமீட்டர் வரை இருப்பதே வழக்கம். அகலமான கழுத்தில் தந்திகளுக்கிடையே விரல் நுழைய இடம் தாராளம். ஆனால் நாட்டுப்புறப் பாடலுக்குரிய அந்தக் கணீர் ஒலி எஃகில்தான் வரும் என்பது என் எண்ணம். புதியவர்கள் 0.011 அல்லது 0.012 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்தித் தொகுதியைப் பூட்டிக்கொண்டால் இடக்கை விரல்களுக்கு வலி குறையும்.

தந்திகளுக்கு எண் சொல்லும் முறையை முதலில் உறுதிசெய்துகொள்வோம். மிக மெல்லியது 1-ஆம் தந்தி. மடியில் கிதாரை வைத்தால் தரைக்கு அருகில் இருப்பது அதுதான். மிகத் தடித்தது 6-ஆம் தந்தி, முகத்துக்கு அருகில் இருப்பது. 6-இலிருந்து 1 வரை சுருதி ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் டியூனர் வைத்துச் சுருதி சேருங்கள். கார்டை வாரி அடிக்கும்போது சிறு சுருதிப் பிசகு கூட்டத்தில் கரைந்துபோகும். விரல்மீட்டில் ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்பதால் அது அப்பட்டமாகத் தெரியும்.

வலக்கைக்கு வருவோம். (இடக்கைக்காரர்கள் இங்கே வலக்கை என்றிருக்கும் இடங்களை மீட்டும் கை என்று படித்துக்கொள்ளுங்கள்.) முன்கை கிதாரின் மேல் விளிம்பில் சாய்ந்திருக்கட்டும். விரல்கள் ஒலித்துளையின் பின்விளிம்பை ஒட்டி, பிரிட்ஜை (கிதாரின் உடலில் தந்திகள் பூட்டப்பட்டிருக்கும் கட்டையை) நோக்கிய பக்கத்தில் இருக்க வேண்டும். பிரிட்ஜை நெருங்க நெருங்க ஒலி கூர்மையாகும், கழுத்தை நெருங்கினால் மென்மையாகும். கட்டைவிரல் மற்ற விரல்களுக்குச் சற்று முன்னால், கழுத்தின் பக்கமாக நீண்டிருக்க வேண்டும். அது உள்ளே மடங்கி ஆள்காட்டி விரலின் பின்னால் ஒளிந்துகொண்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். புதியவர்களின் கையில் நான் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

வேலைப் பங்கீடு இப்படி: 6, 5, 4 தந்திகள் கட்டைவிரலுக்கு. 3-ஆம் தந்தி ஆள்காட்டி விரலுக்கு, 2-ஆம் தந்தி நடுவிரலுக்கு, 1-ஆம் தந்தி மோதிர விரலுக்கு. மூன்றாம் சுற்றில் மட்டும் இந்தப் பங்கீடு ஒரு தந்தி நகரும். அதை அங்கே பார்க்கலாம்.

சுண்டுவிரலைக் கிதாரின் முகப்பில் ஊன்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஊன்றி வாசித்த பெரிய கலைஞர்களும் இருக்கிறார்கள், ஊன்றாமல் வாசித்தவர்களும் இருக்கிறார்கள். ஊன்றினால் கை நிலைத்து நிற்கும். ஆனால் சுண்டுவிரல் இறுகினால் பக்கத்து மோதிர விரலும் கூடவே இறுகும். இந்த முன்னிசையில் மோதிர விரலுக்கு வேலை இருப்பதால் ஊன்றாமல் பழகுவதே நல்லது. நகம் வளர்ப்பது அவரவர் விருப்பம். விரல் நுனிச் சதையாலேயே இதமான ஒலி கிடைக்கும். நகம் ஓரிரு மில்லிமீட்டர் நீண்டிருந்தால் ஒலி இன்னும் தெளிவாகும்.

முதல் வேலை: கட்டைவிரல் மட்டும்

சீராகத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். சி கார்டைப் பிடியுங்கள்: 5-ஆம் தந்தியின் 3-ஆம் ஃபிரெட்டில் மோதிர விரல், 4-ஆம் தந்தியின் 2-ஆம் ஃபிரெட்டில் நடுவிரல், 2-ஆம் தந்தியின் 1-ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல். கட்டைவிரலின் பக்கவாட்டால் 5, 4, 5, 4 என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு தந்தியாக மீட்டுங்கள். அசைவு கட்டைவிரலின் அடிமூட்டிலிருந்து வர வேண்டும், மணிக்கட்டு ஆடக்கூடாது.

நான்கு கார்டுகளுக்கும் கட்டைவிரலின் பாதை இது:

சி: 5, 4, 5, 4
ஏ மைனர்: 5, 4, 5, 4
எஃப் மேஜர் 7: 4, 3, 4, 3
ஜி: 6, 4, 6, 4

இப்படிக் கட்டைவிரல் இரு தந்திகளுக்கிடையே மாறி மாறிப் போடும் பாணியை டிராவிஸ் பிக்கிங் என்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த மெர்ல் டிராவிஸ் (1917–1983) என்ற கலைஞரால் அந்தப் பெயர் வந்தது. அவர் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே வைத்துக்கொண்டு வாசித்தவர். இன்று அந்தப் பெயரில் கற்பிக்கப்படுவது அவர் வாசித்ததைவிட எளிதான, ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவம். நாம் பழகப்போவதும் அதைத்தான்.

கட்டைவிரல் தயாராகிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. நான்கு கார்டுகளையும் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே செய்தித்தாளில் ஒரு பத்தியை உரக்கப் படியுங்கள். தாளம் தடுமாறினால் இன்னும் சில நாள் இதிலேயே இருக்க வேண்டும். சலிப்பான கட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதை அவசரமாகத் தாண்டியவர்கள் பிறகு பாடத் தொடங்கும்போது கை நின்றுபோகிறது. வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை என்று குறைப்படுபவர்களில் பெரும்பாலோருக்குக் குறை இங்கேதான் இருக்கிறது, குரலில் இல்லை.

இரண்டாவது: கிள்ளலும் இடைச் சுரங்களும்

ஒவ்வோர் அடியையும் இரண்டாகப் பிரித்து எண்ண வேண்டும். "ஒன்–றும், இரண்–டும், மூன்–றும், நான்–கும்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லின் முதல் பாதி அடியில் விழும், "றும்", "டும்" எல்லாம் நடு இடத்தில் விழும். கட்டைவிரல் எப்போதும் முதல் பாதியில்தான். மற்ற விரல்கள் பெரும்பாலும் பின்பாதியில்.

இதற்கு ஒரே விதிவிலக்கு சுற்றின் முதல் அடி. அங்கே கட்டைவிரலும் ஒரு மேல்விரலும் ஒரே நொடியில் எதிரெதிராகத் தந்திகளைப் பறிக்கும். இதைக் கிள்ளல் என்று வைத்துக்கொள்வோம். சி கார்டில் கட்டைவிரல் 5-ஆம் தந்தியையும் மோதிர விரல் 1-ஆம் தந்தியையும் சேர்த்துக் கிள்ளும். இரண்டு ஒலிகளும் ஒன்றாகவே எழ வேண்டும், முன்பின்னாகச் சிதறக்கூடாது. விரல்களை முதலில் தந்திமேல் அமர்த்தி, பிறகு மீட்டினால் சிதறல் நின்றுவிடும். மேலிருந்து பாய்ந்து அடிப்பவர்களுக்குத்தான் குறி தப்புகிறது.

சி கார்டில் ஒரு சுற்று முழுவதும் இப்படி அமையும்:

ஒன் – கட்டைவிரல் 5, மோதிர விரல் 1 (கிள்ளல்)
றும் – ஒன்றுமில்லை, ஒலிக்க விடுங்கள்
இரண் – கட்டைவிரல் 4
டும் – நடுவிரல் 2
மூன் – கட்டைவிரல் 5
றும் – ஆள்காட்டி விரல் 3
நான் – கட்டைவிரல் 4
கும் – இப்போதைக்கு ஒன்றுமில்லை

ஒரேயடியாக எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். கட்டைவிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கிள்ளலை மட்டும் சேருங்கள். அது ஊறியபின் "டும்"மில் நடுவிரல். அதன்பின் மூன்றாம் அடியின் "றும்"மில் ஆள்காட்டி விரல். புதிய விரல் நுழையும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் ஒரு கணம் தயங்கும் அல்லது மேல்விரலைத் துரத்திக்கொண்டு ஓடும். அப்போது மெட்ரோனோமை 50-க்கு இறக்குங்கள். அதிலும் தடுமாறினால் ஒரு விரலைக் கழித்துவிட்டுப் பின்வாங்குங்கள்.

முழு முன்னிசை

கீழே நான்கு சுற்றுகளும் டேப் வடிவில் உள்ளன. இடப்பக்க எண் தந்தியைக் குறிக்கும், கோடுகளில் உள்ள எண் ஃபிரெட்டைக் குறிக்கும். 0 என்றால் அழுத்தாமல் திறந்த தந்தி. மேல் வரியில் 1, 2, 3, 4 என்பவை அடிகள், புள்ளிகள் பின்பாதிகள்.

முதல் சுற்று, சி

```
   1 . 2 . 3 . 4 .
1| 0 - - - - - - 3
2| - - - 1 - - - -
3| - - - - - 0 - -
4| - - 2 - - - 2 -
5| 3 - - - 3 - - -
6| - - - - - - - -
```

இரண்டாம் சுற்று, ஏ மைனர்

```
   1 . 2 . 3 . 4 .
1| 0 - - - - - - -
2| - - - 1 - - - 3
3| - - - - - 2 - -
4| - - 2 - - - 2 -
5| 0 - - - 0 - - -
6| - - - - - - - -
```

மூன்றாம் சுற்று, எஃப் மேஜர் 7

```
   1 . 2 . 3 . 4 .
1| - - - 0 - - - 0
2| 1 - - - - 1 - -
3| - - 2 - - - 2 -
4| 3 - - - 3 - - -
5| - - - - - - - -
6| - - - - - - - -
```

நான்காம் சுற்று, ஜி

```
   1 . 2 . 3 . 4 .
1| - - - 3 - - - -
2| 3 - - - - - - -
3| - - - - - 0 - -
4| - - 0 - - - 0 -
5| - - - - - - - -
6| 3 - - - 3 - - -
```

முதல் சுற்றின் கடைசியில் 1-ஆம் தந்தியின் 3-ஆம் ஃபிரெட்டையும், இரண்டாம் சுற்றின் கடைசியில் 2-ஆம் தந்தியின் 3-ஆம் ஃபிரெட்டையும் இடக்கைச் சுண்டுவிரல் அழுத்தும். அப்போது மற்ற விரல்கள் கார்டை விட்டு எழக்கூடாது. இரண்டாம் சுற்றில் சுண்டுவிரல் 3-ஆம் ஃபிரெட்டில் இருக்கும்போதும் ஆள்காட்டி விரல் அதே தந்தியின் 1-ஆம் ஃபிரெட்டில் அப்படியே இருக்கட்டும், அடுத்த சுற்றில் அது அங்கேயே தேவைப்படும்.

மூன்றாம் சுற்றில் வலக்கை முழுவதும் ஒரு தந்தி கீழே, தரையை நோக்கி நகர்கிறது. கட்டைவிரல் 4, 3 தந்திகளை எடுத்துக்கொள்ள, ஆள்காட்டி விரல் 2-ஆம் தந்திக்கும் நடுவிரல் 1-ஆம் தந்திக்கும் போகின்றன. மோதிர விரலுக்கு ஓய்வு. நான்காம் சுற்றில் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். அங்கே முதல் அடியின் கிள்ளல் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும், அதாவது 6-உம் 2-உம். "டும்"மில் வரும் 1-ஆம் தந்தி மோதிர விரலுக்கு.

கார்டு மாற்றத்தில் உள்ள சூட்சுமம்

வாரி அடிக்கும்போது ஆறு தந்திகளும் ஒரே நேரத்தில் ஒலிப்பதால் எல்லா விரல்களும் ஒரே நொடியில் போய் அமர வேண்டும். விரல்மீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. எந்தச் சுரம் எப்போது ஒலிக்கிறதோ அதற்கு முன் அந்த விரல் போய்ச் சேர்ந்தால் போதும். இதை உணர்ந்தவுடன் பாதிப் பதற்றம் போய்விடும்.

சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போவதைப் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரல் மட்டும் 5-ஆம் தந்தியை விட்டு 3-ஆம் தந்தியின் 2-ஆம் ஃபிரெட்டுக்கு வர வேண்டும். ஆனால் 3-ஆம் தந்தி ஒலிப்பது மூன்றாம் அடிக்குப் பிறகுதான். முதல் அடியில் கட்டைவிரல் மீட்டும் 5-ஆம் தந்தி திறந்தது, அதற்கு எந்த விரலும் வேண்டாம். ஆக மோதிர விரலை 5-ஆம் தந்தியிலிருந்து சரியான நேரத்தில் எடுத்துவிட்டால், அதை அமர்த்த இரண்டரை அடி அவகாசம் இருக்கிறது.

ஏ மைனரிலிருந்து எஃப் மேஜர் 7-க்கு: முதல் அடிக்குத் தேவை 4-ஆம் தந்தியின் 3-ஆம் ஃபிரெட்டும் 2-ஆம் தந்தியின் 1-ஆம் ஃபிரெட்டும். இரண்டாவது ஏற்கெனவே கையில் இருக்கிறது. மோதிர விரல் மட்டும் உடனே 4-ஆம் தந்திக்குத் தாவ வேண்டும். நடுவிரல் 3-ஆம் தந்தியின் 2-ஆம் ஃபிரெட்டுக்கு இரண்டாம் அடிக்குள் வந்தால் போதும்.

உண்மையில் கடினமான மாற்றம் ஒன்றுதான்: எஃப் மேஜர் 7-இலிருந்து ஜி-க்கு. எல்லா விரல்களும் எழுந்து இடம் மாற வேண்டும். ஜி-யில் நடுவிரல் 6-ஆம் தந்தியின் 3-ஆம் ஃபிரெட்டிலும், மோதிர விரலும் சுண்டுவிரலும் 2, 1 தந்திகளின் 3-ஆம் ஃபிரெட்டிலும் அமரும். ஆள்காட்டி விரலை 5-ஆம் தந்தியின் 2-ஆம் ஃபிரெட்டில் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். இங்கே கைகொடுப்பது மூன்றாம் சுற்றின் கடைசிச் சுரம். அது திறந்த 1-ஆம் தந்தி. அது ஒலிக்கும் அரை அடியில் இடக்கைக்கு எந்த வேலையும் இல்லை, தைரியமாக எல்லா விரல்களையும் தூக்கலாம். காதுக்கு இடைவெளி தெரியாது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் தனியாக எடுத்து, மூன்றாம் சுற்றின் நான்காம் அடியிலிருந்து நான்காம் சுற்றின் முதல் அடி வரை திரும்பத் திரும்ப வாசியுங்கள். முழு முன்னிசையையும் தொடக்கத்திலிருந்து வாசித்து இதே இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தால், தடுக்கி விழுவதைத்தான் கை பழகிக்கொள்ளும்.

ஜி-யிலிருந்து சி-க்குத் திரும்புவது எளிது. நான்காம் சுற்றின் பிற்பகுதி பெரும்பாலும் திறந்த தந்திகள், கடைசி அரை அடி மௌனம்.

மெட்டை மேலே கொண்டுவருதல்

சரியாக வாசித்தும் இயந்திரம் வாசிப்பதுபோல் கேட்கும் கட்டம் ஒன்று வரும். எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் ஒலிப்பதே அதற்குக் காரணம். இந்த முன்னிசையில் மெட்டு எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் சுற்றில் ஈ, ஜி, இரண்டாம் சுற்றில் ஈ, டி, மூன்றாம் சுற்றில் சி, ஈ, நான்காம் சுற்றில் டி. ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் கடைசிப் பாதியிலும் மேல்விரல்கள் மீட்டும் சுரங்கள் இவை. நான்காம் சுற்றில் கடைசிப் பாதி காலி. மற்றவை எல்லாம் நிரப்பு. மெட்டை வாயால் முனகிக்கொண்டே வாசியுங்கள். முனகும் சுரத்தில் விரல் தானாகச் சற்று அழுத்தம் கொடுக்கும்.

மறுபக்கம், பேஸ் ஒலியை, அதாவது தடித்த தந்திகளின் ஒலியை, அடக்க வேண்டும். வலது உள்ளங்கையின் சதைப்பகுதியைப் பிரிட்ஜின்மேல், தடித்த தந்திகள் தொடங்கும் இடத்தில் லேசாகப் படியவிட்டால் கட்டைவிரலின் ஒலி நீளாமல் "தும், தும்" என்று அடங்கி ஒலிக்கும். மேல்தந்திகளில் கை படக்கூடாது. டிராவிஸ் பாணியின் அடையாளமே இந்த அடங்கிய பேஸ்தான். எனினும் மெதுவான, ஏக்கம் தொனிக்கும் பாட்டுக்கு நான் இதைப் பயன்படுத்தமாட்டேன். அங்கே பேஸ் நீண்டு ஒலித்தால்தான் அழகு.

கைப்பேசியில் பதிவுசெய்து கேட்பது இந்தக் கட்டத்தில் பெரிய உதவி. வாசிக்கும்போது காதுக்கு எட்டாத சமநிலைக் குறைகள் பதிவில் பளிச்சென்று தெரியும்.

இரண்டு அலங்காரங்கள்

முன்னிசை தடையின்றி ஓடத் தொடங்கியபின்தான் இவை.

ஒன்று, தட்டு. முதல் சுற்றின் இரண்டாம் அடியில் நடுவிரலை எடுத்துவிட்டு 4-ஆம் தந்தியைத் திறந்த நிலையில் மீட்டுங்கள். ஒலி அடங்கும்முன் அதே நடுவிரலை 2-ஆம் ஃபிரெட்டில் சுத்தியல்போல் இறக்குங்கள். வலக்கை மீண்டும் மீட்ட வேண்டியதில்லை. டி சுரம் ஈ-க்கு வழுக்கி ஏறும். நாட்டுப்புறக் கிதாரின் மணம் இந்த ஓர் அசைவில் வந்துவிடும். அதற்காக எல்லாச் சுற்றிலும் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

இரண்டு, நடக்கும் பேஸ். முதல் சுற்றின் நான்காம் அடியில் 4-ஆம் தந்திக்குப் பதிலாக, மோதிர விரலை எடுத்துவிட்டு, நடுவிரலை 5-ஆம் தந்தியின் 2-ஆம் ஃபிரெட்டுக்கு நகர்த்திக் கட்டைவிரலால் அதை மீட்டுங்கள். பேஸ் சி, பி, ஏ என்று படியிறங்கி ஏ மைனரில் போய் அமரும். நான்காம் சுற்றில் இதையே ஏறுமுகமாகச் செய்யலாம்: மூன்றாம் அடியில் திறந்த 5-ஆம் தந்தி, நான்காம் அடியில் அதன் 2-ஆம் ஃபிரெட். ஏ, பி என்று ஏறிச் சி-யில் பாட்டு தொடங்கும். ஜி பிடியில் ஆள்காட்டி விரலுக்கு வைத்த இடம் இப்போது பயன்படும். மூன்றாம் அடிக்குத் தந்தியை விட்டு எழுந்து, நான்காம் அடிக்குத் திரும்பி அமர்ந்தால் போதும்.

வேகமும் பாட்டும்

பிசகின்றித் தொடர்ந்து நான்கைந்து முறை வாசிக்க முடிந்தால் மெட்ரோனோமை 4 அல்லது 5 அடி கூட்டுங்கள். தோள் இறுகுவதோ மூச்சு நிற்பதோ தெரிந்தால் வேகம் அதிகம் என்று பொருள். 80-க்கும் 96-க்கும் இடையில் இந்த முன்னிசை இயல்பாக நடக்கும். அதற்குமேல் போக வேண்டிய அவசியம் இல்லை. நாளுக்கு இருபது நிமிடம் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடம் கட்டைவிரலுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்த பிறகும்கூட.

முன்னிசை பாடகருக்குச் சொல்ல வேண்டியவை மூன்று: சுருதி, வேகம், எங்கே நுழைவது. ஆகவே பாட்டின் முதல் வரியை மனத்துக்குள் பாடிப் பார்த்து, அந்த வேகத்திலேயே முன்னிசையைத் தொடங்குங்கள். அழகாகக் கேட்கிறது என்று முன்னிசையை மெதுவாக வாசித்துவிட்டு, பாட்டு வந்ததும் ஓடினால் பாடுபவர் திணறிப்போவார். நான்காம் சுற்றின் கடைசி அரை அடியைக் காலியாக விட்டிருப்பதும் பாடுபவர் மூச்செடுக்கத்தான். அந்த இடத்தில் ஏதாவது சுரத்தைச் செருகும் ஆசை வரும், வேண்டாம்.

சி சுருதி குரலுக்கு ஒத்துவரவில்லை என்றால் கார்டுகளை மாற்றாதீர்கள், கேப்போ (கழுத்தின் குறுக்கே எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். 2-ஆம் ஃபிரெட்டில் போட்டால் இதே கைப்பிடிகளில் டி சுருதி கிடைக்கும், 4-இல் போட்டால் ஈ. கேப்போவை ஃபிரெட் கம்பியை ஒட்டிப் போட்டு, மறுபடி ஒருமுறை சுருதி பார்த்துக்கொள்ளுங்கள். தந்திகள் அழுந்துவதால் சுருதி சற்று ஏறியிருக்கும்.

பாட்டு தொடங்கியதும் மெட்டுச் சுரங்களைக் குரலிடம் ஒப்படைத்துவிட்டுக் கையை எளிமையாக்குங்கள். அவற்றை நீக்கினால் மிஞ்சுவது கட்டைவிரலும் இடைச் சுரங்களும். சரணங்களுக்கு நடுவே நான்கு சுற்று இடைவெளி வரும்போது முழு முன்னிசையையும் மீண்டும் வாசிக்கலாம். முடிக்கும்போது நான்காம் சுற்றுக்குப் பின் சி கார்டின் 5-ஆம் தந்தியையும் 2-ஆம் தந்தியையும் ஒரே கிள்ளலாகக் கிள்ளி, இடக்கையைத் தூக்காமல் ஒலி அடங்கும்வரை பிடித்திருங்கள்.